இருவர், மூன்று தொட்டி: தம்பதியர் சேர்ந்து செடி வளர்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

புதிதாகச் சேர்ந்து வாழத் தொடங்கியிருக்கும் இருவருக்கான வழிகாட்டி இது. கல்யாணமாகி ஓசூர் சிப்காட் பக்கம் வாடகை வீடு எடுத்தவர்கள், தர்மபுரியில் பெற்றோர் வீட்டு மாடி அறையில் குடித்தனம் நடத்துபவர்கள், வாரம் முழுக்க ஒருவர் பெங்களூரிலும் ஒருவர் கிருஷ்ணகிரியிலும் இருப்பவர்கள் என யாராக இருந்தாலும் சரி. மூன்று தொட்டிச் செடிகளை மூன்று மாதம் இருவரும் சேர்ந்து பார்த்துக்கொள்வதுதான் வேலை.

எனக்குத் தெரிந்து வீட்டுச் செடிகள் கவனிப்பு இல்லாமல் சாவதைவிட, மண்ணைத் தொட்டுப் பார்க்காமல் தண்ணீர் ஊற்றுவதால் சாவதே அதிகம். இளம் தம்பதிகளுக்குள் வரும் மனக்கசப்பிலும் இதே தவறைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். பாசம் இருக்கிறது, உழைப்பும் இருக்கிறது. எதிரில் இருப்பவருக்கு இப்போது என்ன தேவை என்று பார்க்காமலே கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். கொடுப்பதற்கு முன் பார்க்கும் பழக்கத்தைக் கைக்குக் கொண்டுவரத்தான் கீழே உள்ள படிகள். வரிசையை மாற்ற வேண்டாம். ஒவ்வொரு படியும் முந்தைய படியின் மேல்தான் நிற்கிறது.

## தொடங்கும் முன் தேவையானவை

6 அல்லது 8 அங்குலத் தொட்டிகள் மூன்று. அடியில் ஓட்டை கட்டாயம் இருக்க வேண்டும். ஓட்டை இல்லாத அழகுத் தொட்டி பிடித்திருந்தால் அதை வெளி உறையாக மட்டும் வைத்துக்கொள்ளலாம். மூன்று தட்டுகள், ஒரு கத்தரிக்கோல், விளக்குமாற்றிலிருந்து உருவிய சில ஈர்க்குச்சிகள், மூடி போட்ட ஒரு வாளி. சுவரில் தேதி கிழிக்கும் காலண்டரோ மாதக் காலண்டரோ, அதன் பக்கத்தில் கட்டித் தொங்கவிட்ட பேனாவோடு. இந்தப் பேனாவை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஐந்தாம் படியில் இதுதான் செடியைக் காப்பாற்றும்.

இருவரின் சம்மதமும் வேண்டும். ஒருவருக்கு ஆசை, மற்றவருக்குத் தலையெழுத்து என்று தொடங்கினால் இரண்டே வாரத்தில் அது ஒருவர் வேலையாகிவிடும். வாரத்தில் ஒரு நாள், இருவரும் வீட்டில் இருக்கும் 15 நிமிடத்தைத் தேர்ந்து இப்போதே காலண்டரில் குறியுங்கள். ஷிப்ட் வேலை என்றால் ஷிப்ட் மாறும் வாரத்தில் அந்த நேரமும் மாறும். அதையும் சேர்த்தே குறியுங்கள்.

தொடங்கக் கூடாத நேரமும் உண்டு. பெரிய சண்டை நடந்துகொண்டிருக்கும்போது சமாதானப் பொருளாகச் செடி வாங்கி வராதீர்கள். அது வாடும்போதெல்லாம் அந்தச் சண்டை ஞாபகத்துக்கு வரும். வீட்டில் அடி, மிரட்டல், பூட்டி வைத்தல், சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்ளுதல் போன்றவை நடந்தால் இந்த வழிகாட்டி உங்களுக்கானது அல்ல. அதைப் பொறுமையாலும் கவனிப்பாலும் சரிசெய்ய முடியாது, சரிசெய்வது அடிபடுகிறவரின் பொறுப்பும் கிடையாது. 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அழையுங்கள். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி பாதுகாப்பும், அந்த வீட்டிலேயே குடியிருக்கும் உரிமையும் கேட்க முடியும்.

## 1. முதலில் வெளிச்சம், அப்புறம் செடி

பெரும்பாலோர் நர்சரிக்குப் போய்ப் பிடித்த செடியை வாங்கிவிட்டு, வீட்டுக்கு வந்த பிறகு எங்கே வைப்பது என்று தேடுகிறார்கள். வரிசை தலைகீழ். செடியை மாற்றிக்கொள்ளலாம், ஜன்னல் எந்தத் திசையில் இருக்கிறது என்பதை வாடகை வீட்டில் மாற்ற முடியாது.

பகல் 12 மணிக்கு, செடி வைக்க நினைக்கும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை வையுங்கள். அதற்கு ஒரு அடி மேலே கையை நீட்டுங்கள். நிழலின் ஓரம் தெளிவாகத் தெரிந்தால் நல்ல வெளிச்சம். மங்கலாகத் தெரிந்தால் நடுத்தரம். நிழலே விழவில்லை என்றால் அங்கே செடி வேண்டாம். காலை வெயில் விழும் கிழக்கு ஜன்னல் எல்லாவற்றிலும் நல்லது. தர்மபுரி, அரூர் பக்கம் மேற்கு ஜன்னல் என்றால் பங்குனி, சித்திரையில் கண்ணாடியை ஒட்டி வைக்காதீர்கள், இலை வெந்துவிடும்.

ஓசூர் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, தர்மபுரி அதில் பாதி உயரத்தில். ஒரே செடிக்கு இரண்டு ஊரிலும் ஒரே கணக்கு செல்லாது. ஓசூரில் இருக்கும் அக்கா சொன்ன நாள்கணக்கைப் பென்னாகரத்தில் இருக்கும் தங்கை பின்பற்றினால் வெயில் காலத்தில் செடி காய்ந்துவிடும்.

இருவரும் அந்த இடத்தில் நிற்கும்போதே உங்கள் வாழ்க்கைக்கும் இதே சோதனையைச் செய்துவிடுங்கள். ஒரு வாரத்தில் இருவரும் விழித்தபடி, வேறு வேலை இல்லாமல், ஒரே வீட்டில் இருக்கும் நேரம் எவ்வளவு? மாமியார், நாத்தனார், மைத்துனர் இருக்கும் வீடா, தனிக்குடித்தனமா? இரவு ஷிப்ட் எத்தனை வாரத்துக்கு ஒரு முறை? காலண்டரின் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள். நண்பனும் அவன் மனைவியும் தினமும் மாலை சேர்ந்து நடக்கப் போகிறார்கள் என்பதால் உங்களாலும் முடிய வேண்டும் என்று இல்லை. அவர்கள் வீட்டு ஜன்னல் வேறு பக்கம் பார்க்கிறது.

## 2. மூன்று சுபாவம் உள்ள மூன்று செடிகள்

வாங்க வேண்டியவை: மணி பிளாண்ட், பாம்புச் செடி, பீஸ் லில்லி. மூன்றும் நம் பக்கத்து நர்சரிகளில் சாதாரணமாகக் கிடைக்கும். விலை குறைவான, சின்னச் செடிகளே போதும். சின்னச் செடி புது இடத்துக்குச் சீக்கிரம் பழகும்.

காரணத்தோடுதான் இந்த மூன்றைச் சொல்கிறேன். மணி பிளாண்ட் சின்னத் தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும். பாம்புச் செடியை அடிக்கடி கவனித்தால்தான் கெடும். தடித்த இலையிலும் வேர்க்கிழங்கிலும் நீரைச் சேர்த்து வைத்திருப்பதால் அதைத் தனியாக விட வேண்டும். பீஸ் லில்லி தாகம் எடுத்தால் மொத்தமாகத் தொங்கிவிடும், தண்ணீர் கிடைத்த சில மணி நேரத்தில் எழுந்து நிற்கும். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் ஒரே அளவு கவனிப்பை எல்லோருக்கும் கொடுக்க முடியாது என்பது கண்ணுக்குத் தெரியும்.

உங்களில் ஒருவர் மனவருத்தம் வந்தால் உடனே சொல்லிவிடுகிறவராக இருப்பார். மற்றவர் இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு அப்புறம் பேசுகிறவராக இருப்பார். யார் எந்தச் செடி என்று வாய்விட்டே பேசிக்கொள்ளுங்கள். "நான் பாம்புச் செடிங்க, கோபம் வந்தா ஒரு மணி நேரம் விட்டுடுங்க" என்று சொல்லிவிட்ட பெண்ணின் வீட்டில், அந்த ஒரு மணி நேரத்துக்கு வேறு அர்த்தம் யாரும் கற்பிக்க மாட்டார்கள்.

"இது உன் செடி, அது என் செடி" என்று பிரிக்காதீர்கள். பிரித்தால் ஒரு மாதத்தில் யார் செடி நன்றாக வளர்ந்தது என்ற போட்டி வந்துவிடுகிறது. மூன்றும் இருவருக்கும் பொது.

தவழும் குழந்தையோ நாய், பூனையோ இருந்தால் இந்த மூன்றையும் எட்டாத உயரத்தில் வையுங்கள். மணி பிளாண்ட், பீஸ் லில்லி இலைகளில் கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்கள் உண்டு. மென்றால் வாயும் தொண்டையும் எரிந்து வீங்கும். பாம்புச் செடியைத் தின்றாலும் வயிற்றைப் புரட்டும்.

## 3. வீட்டுக்கு வந்ததும் இரண்டு வாரம் தொந்தரவு செய்யாதீர்கள்

நர்சரியில் செடி பச்சை நிழல்வலைக்குக் கீழே, ஈரமான காற்றில், தினசரித் தண்ணீரில் வளர்ந்தது. உங்கள் வீட்டில் வெளிச்சம் குறைவு, காற்று வறண்டது. அடி இலை ஒன்றிரண்டு மஞ்சளாகி விழும். அந்த வெளிச்சத்துக்குத் தன்னால் எத்தனை இலையைத் தாங்க முடியும் என்று செடி சரிசெய்துகொள்கிறது.

புதியவர்கள் இங்கேதான் பதறுகிறார்கள். ஒரு இலை மஞ்சளானதும் தொட்டி மாற்றுகிறார்கள், உரம் போடுகிறார்கள், இடம் மாற்றுகிறார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் செடி மறுபடி முதலிலிருந்து பழக வேண்டியிருக்கிறது. இரண்டு வாரத்துக்கு மண் காய்ந்தால் தண்ணீர், அவ்வளவுதான். மற்ற செடிகள் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் இந்த நாட்களில் புதியதைத் தள்ளி வையுங்கள். பூச்சி இருந்தால் தெரிந்துவிடும்.

நம் பக்கம் பெரும்பாலும் இடம் பெயர்பவள் பெண்தான். காவேரிப்பட்டினத்தில் பிறந்து வளர்ந்தவள் ஒரே நாளில் பாலக்கோட்டுக்காரி ஆகிவிட வேண்டும் என்று வீடு எதிர்பார்க்கிறது. குளிக்கும் நேரம், களி கிண்டும் பதம், மாமனாரிடம் எவ்வளவு பேசலாம் என்பது வரை எல்லாமே புதிது. முதல் சில வாரம் அவள் சோர்ந்து இருந்தாலோ, அம்மா வீட்டுக்கு அடிக்கடி போன் பேசினாலோ அதற்கு வைத்தியம் தேடக் கூடாது. கணவன் செய்ய வேண்டியது, "அவளுக்குக் கொஞ்ச நாள் ஆகும்மா, விடுங்க" என்று தன் வீட்டாரிடம் தானே சொல்வது. அந்த ஒரு வரியை அவன் சொல்லாமல் விட்டதை வருடக்கணக்கில் நினைவில் வைத்திருக்கும் பெண்களை எனக்குத் தெரியும்.

ஓசூருக்கு வேலை நிமித்தமாக இருவருமே புதிதாக வந்திருந்தால் பழகும் காலம் இருவருக்கும் சேர்த்துத்தான். அந்த வாரங்களில் பெரிய முடிவுகள் எதையும் எடுக்காதீர்கள்.

## 4. தொட்டி மாற்றுதல்

இரண்டு வாரம் கழித்து நர்சரிப் பையைக் கிழித்துத் தொட்டிக்கு மாற்றலாம். செம்மண் ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. பாம்புச் செடிக்கு மட்டும் தொழுவுரத்தைப் பாதியாக்கி, பொடிக்கல்லோ ஆற்றுமணலோ சேர்த்துக்கொள்ளுங்கள். நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்து இரண்டு மூன்று முறை அலசிப் பிழியுங்கள், அதில் உப்பு இருக்கும். பச்சைச் சாணம் வேண்டாம். தொட்டிக்குள்ளேயே புளித்துச் சூடேறி வேரைக் கருக்கிவிடும்.

புதுத் தொட்டி பழைய வேர்ப்பந்தைவிட 2 அங்குலம்தான் பெரிதாக இருக்க வேண்டும். "வளரத்தானே போகுது" என்று பெரிய தொட்டியில் வைத்தால், வேர் எட்டாத மண்ணில் தண்ணீர் அப்படியே நிற்கும். அந்த ஈரத்தில் அழுகல் தொடங்கி உள்ளே வரும்.

கல்யாணமான முதல் வருடத்தில் மனைக்கடன், கார் கடன், "எப்ப நல்ல செய்தி?" என்று சொந்தக்காரர்கள் வைக்கும் கெடு எல்லாம் ஒன்றாக வந்து சேரும். அவை தப்பான விஷயங்கள் என்று சொல்லவில்லை. இருவரும் பணம் பற்றியும் உடம்பு பற்றியும் கூசாமல் பேசிப் பழகுவதற்குள் அவ்வளவு பெரிய பாத்திரத்தை நிரப்ப முடியாது. அடுத்த 2 அங்குலம் எது என்று மட்டும் பேசி முடிவு செய்யுங்கள்.

இந்த வேலையை இருவரும் சேர்ந்துதான் செய்ய வேண்டும். ஒருவர் செடியைப் பிடிக்க, மற்றவர் மண் போட. தனியாகச் செய்தால் தண்டு சாயும், வேர்ப்பந்து உடையும்.

## 5. தண்ணீர்

நான் பார்த்த வீடுகளில் அதிகமான செடிகள் செத்தது இந்தப் படியில்தான். அதனால் கொஞ்சம் நிதானமாகவே படியுங்கள்.

நாளைப் பார்க்காதீர்கள், மண்ணைப் பாருங்கள். விரலை இரண்டாவது கணு வரை மண்ணில் விடுங்கள். மணி பிளாண்டுக்கு அந்த ஆழம் வரை காய்ந்திருக்க வேண்டும். பீஸ் லில்லிக்கு மேல் ஒரு அங்குலம் காய்ந்தால் போதும். பாம்புச் செடிக்கு ஈர்க்குச்சியைத் தொட்டியின் அடிவரை இறக்கி ஒரு நிமிடம் கழித்து உருவுங்கள். குச்சியில் மண் ஒட்டினால் இன்னும் ஈரம் இருக்கிறது, வைத்துவிட்டுப் போங்கள். தர்மபுரி சித்திரையில் பீஸ் லில்லி இரண்டு நாளுக்கு ஒரு முறை கேட்கலாம். அதே செடி ஓசூர் மார்கழியில் பத்து நாள் கூடத் தாங்கும்.

வாட்டத்துக்கு இரண்டு காரணம் உண்டு. தண்ணீர் இல்லாவிட்டாலும் இலை தொங்கும். தண்ணீர் அதிகமாகி வேர் அழுகினாலும், அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாததால் இலை அதே மாதிரிதான் தொங்கும். இலையை மட்டும் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஒன்றுக்கு மருந்து தண்ணீர், மற்றதற்குத் தண்ணீர்தான் நோய். அதனால் தொங்கும் இலையைப் பார்த்ததும் கை சொம்புக்குப் போகக் கூடாது, மண்ணுக்குப் போக வேண்டும்.

வீட்டில் ஒருவர் பேசாமல் உட்கார்ந்திருப்பதும் இப்படித்தான். "என் பக்கத்தில் யாரும் இல்லை" என்ற மௌனமும் உண்டு, "கொஞ்ச நேரம் என்னை விடுங்கள்" என்ற மௌனமும் உண்டு. வெளியிலிருந்து இரண்டும் ஒன்றாகவே தெரியும். முதலாமவரைத் தனியாக விட்டால் இன்னும் வாடுவார். இரண்டாமவரிடம் "என்னாச்சு, சொல்லு, சொல்லு" என்று கேட்டுக்கொண்டே இருந்தால் இன்னும் மூடிக்கொள்வார்.

இந்த இடத்தில் செடியைவிட மனிதர் நமக்கு எளிது. மண்ணுக்குள் விரல் விடத் தேவையில்லை, வாய்விட்டுக் கேட்கலாம். "பக்கத்துல இருக்கணுமா, கொஞ்ச நேரம் விட்டுடணுமா?" இந்த ஒரு கேள்விதான், அதற்கு மேல் வேண்டாம். பதிலை நம்பி அதன்படி நடக்க வேண்டும். கேட்டுவிட்டு நம் இஷ்டப்படியே செய்தால் அடுத்த முறை பதில் வராது.

ஊற்றினால் முழுதாக ஊற்றுங்கள். அடியிலிருந்து தண்ணீர் வடியும் வரை மெதுவாக ஊற்றி, அரை மணி நேரத்தில் தட்டில் தேங்கியதைக் கொட்டுங்கள். தினமும் அரை டம்ளர் தெளித்தால் மேல் மண் மட்டும் நனையும், கீழ் வேர் காய்ந்தே கிடக்கும். போனைப் பார்த்துக்கொண்டே "ம்... ம்..." என்று கேட்கும் ஒரு மணி நேரத்தைவிட, போனை வேறு அறையில் வைத்துவிட்டுக் கேட்கும் பத்து நிமிடம் ஆழமாக இறங்கும்.

ஊற்றியவர் காலண்டரில் எழுத வேண்டும். சேர்ந்து வளர்க்கும் வீடுகளில் செடி சாக நான் கண்ட பெரிய காரணம், இருவருக்கும் அக்கறை இருப்பது. காலையில் வேலைக்குப் போகுமுன் அவர் ஊற்றுகிறார். மாலையில் அவளும் ஊற்றுகிறாள். இருவரும் சொல்லிக்கொள்வதில்லை. ஒரு மாதத்தில் தொட்டியிலிருந்து நாற்றம் வருகிறது. தேதிக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி, பெயரின் முதல் எழுத்து, அது போதும். ஒரு வாரம் ஒருவர், அடுத்த வாரம் மற்றவர் என்று முறை வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

தண்ணீரில் மட்டும் இது நடப்பதில்லை. கரண்ட் பில் கட்டுவது, மாமாவுக்கு மருந்து வாங்குவது, அவர் வீட்டு விசேஷத்துக்கு மொய் எடுத்து வைப்பது என ஒருவருக்கொருவர் சொல்லாமல் செய்த நல்லவை இரண்டு மடங்காகும். அல்லது "நீ செஞ்சிருப்பேன்னு நினைச்சேன்" என்று இரண்டு பக்கமும் விட்டுப்போகும். இந்தக் காலண்டரிலேயே அவற்றையும் எழுத ஆரம்பித்த வீடுகள் உண்டு. அது எனக்கு மிகவும் பிடித்த பலன்.

## 6. எந்தத் தண்ணீர்?

நம் இரண்டு மாவட்டங்களுக்கும் இது தனியாகவே சொல்ல வேண்டிய விஷயம். தர்மபுரி, கிருஷ்ணகிரியில் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். அதனால்தான் காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருக்கக் கூடாது என்பது இந்தியத் தரக்கட்டுப்பாட்டு வரம்பு. பல்லையும் எலும்பையும் பாதிக்கும் அந்த ஃபுளோரைடு சில செடிகளையும் பாதிக்கும். பீஸ் லில்லி, ஸ்பைடர் பிளாண்ட், டிரசீனா ஆகியவற்றில் அது இலை நுனியில் போய்ச் சேர்ந்து நுனியைப் பழுப்பாகக் கருக்குகிறது.

இங்கே நடக்கும் தவறு என்னவென்றால், நுனி கருகியதும் ஒருவரையொருவர் குற்றம் சொல்வதுதான். "நீ தண்ணி ஊத்தல", "நீங்க வெயில்ல வெச்சீங்க." இருவரும் ஒழுங்காகத்தான் செய்திருப்பார்கள். போர் தண்ணீர் கருக்கியிருக்கும்.

காய்ச்சினாலோ இரவு முழுக்கத் திறந்து வைத்தாலோ ஃபுளோரைடு போகாது. திறந்து வைத்தால் குளோரின் மட்டும் குறையும். மழைநீரை வாளியில் பிடித்து மூடி வைத்துப் பயன்படுத்துங்கள். திறந்திருந்தால் கொசு வைக்கும். மழை இல்லாத மாதங்களில் ஒகேனக்கல் தண்ணீர் வரும் வீடுகளில் அதையும், ஏசி இருந்தால் அதிலிருந்து சொட்டும் நீரையும் ஊற்றலாம். ஆர்ஓ மெஷினிலிருந்து வெளியேறும் கழிவுநீரை வீணாக்க வேண்டாமே என்று தொட்டிக்கு ஊற்றுபவர்கள் நிறைய பேர். வடிகட்டி நீக்கிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. அதைப் பாத்ரூம் கழுவ வைத்துக்கொள்ளுங்கள். சூப்பர் பாஸ்பேட் உரத்திலும் ஃபுளோரைடு உண்டு, இந்தச் செடிகளுக்கு வேண்டாம். கருகிய நுனி மறுபடி பச்சையாகாது. புதிதாக வரும் இலை சுத்தமாக வந்தால் தண்ணீர் சரியாகிவிட்டது என்று அர்த்தம்.

தம்பதிகளுக்குள்ளும் இப்படி வெளியிலிருந்து வரும் கருகல் நிறைய உண்டு. தொடர்ந்து மூன்று வாரம் இரவு ஷிப்ட் பார்த்தவர் எரிந்து விழுகிறார். பெங்களூர் போய்வரும் அலைச்சலில் ஒருவர் சாப்பிடும்போதே தூங்குகிறார். கல்யாணக் கடன் தவணை நெருங்கும் வாரத்தில் இருவரும் எதற்கெடுத்தாலும் மல்லுக்கு நிற்கிறார்கள். "இது நம்ம ரெண்டு பேர்ல இருந்து வருதா, வெளியில இருந்து வருதா?" என்று முதலில் கேளுங்கள். வெளியிலிருந்து வருவது என்றால் அதை ஒரு தாளில் எழுதி, இருவரும் ஒரே பக்கம் உட்கார்ந்து அந்தத் தாளைப் பார்த்துப் பேசுங்கள்.

## 7. வாரம் ஒரு முறை இலையைத் திருப்பிப் பாருங்கள்

நீங்கள் குறித்துவைத்த 15 நிமிடத்துக்கான வேலை இது. ஈரத்துணியால் இலைகளைத் துடையுங்கள், தூசி வெளிச்சத்தை மறைக்கும். தொட்டியைக் கால்வட்டம் திருப்பி வையுங்கள், இல்லையென்றால் செடி ஜன்னல் பக்கமே சாய்ந்து வளரும். இலையின் அடிப்பக்கத்தையும் காம்பு சேரும் இடுக்கையும் பாருங்கள். வெள்ளைப் பஞ்சு போல இருந்தால் மாவுப்பூச்சி. மெல்லிய வலையும் வெளிறிய புள்ளிகளும் இருந்தால் சிலந்திப்பேன். வறண்ட வெயில் காலத்தில் இது அதிகம்.

இரண்டு பூச்சி இருக்கும்போது பஞ்சில் மருந்துக்கடை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் முடிந்தது. செடி முழுக்கப் பரவிய பிறகு என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல் கலந்து, வாரம் ஒரு முறை மாலையில் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். முட்டை பொரித்துப் புதிது வருவதால் ஒரு தடவை அடித்தால் போகாது.

இலையைத் துடைத்துக்கொண்டே அந்த வாரத்தில் மனத்தில் ஒட்டிக்கொண்ட சின்ன விஷயம் ஒன்றை ஒவ்வொருவரும் சொல்லுங்கள். ஒன்றுதான், இந்த வாரத்ததுதான். "அண்ணி முன்னாடி என் சமையலைச் சொன்னது கஷ்டமா இருந்துச்சுங்க" என்ற அளவு. கைகளில் வேலை இருப்பதால் முகத்தை முகம் பார்த்துப் பஞ்சாயத்து பேசும் இறுக்கம் இருக்காது. கேட்பவர் அப்போதே பதில் சொல்ல வேண்டியதில்லை, கேட்டால் போதும். போன வருடக் கணக்கை எடுத்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். பழையதற்குத் தனி நாள் வேண்டும்.

அதோடு நல்லது ஒன்றும் சொல்லுங்கள். புது இலை விட்டிருப்பதைக் காட்டி "இங்க பாருங்க" என்று ஒருவர் கூப்பிட்டால் எழுந்து போய்ப் பாருங்கள். அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன் புதுமணத் தம்பதிகளைக் கவனித்து, ஆறு ஆண்டு கழித்து மறுபடி பார்த்தார். சேர்ந்தே இருந்தவர்கள் துணையின் இப்படிப்பட்ட சின்ன அழைப்புகளுக்கு 100க்கு 86 முறை திரும்பிப் பார்த்திருந்தார்கள். பிரிந்துவிட்டவர்கள் 33 முறை. ஒரு இலையைப் பார்க்க ஆகும் நேரம் அரை நிமிடம்.

## 8. உரம்

மாதம் ஒரு முறை, வளரும் காலத்தில் மட்டும், ஒரு கைப்பிடி மண்புழு உரம். குளிர்மாதங்களில் வேண்டாம். வாடிய செடிக்கு உரம் போடாதீர்கள், உப்பு ஏறி வேர் இன்னும் கருகும். சண்டைக்கு அடுத்த நாள் வாங்கி வரும் விலை உயர்ந்த புடவைக்கும் வாட்சுக்கும் இதே விதிதான். முதலில் பேச்சு, பரிசு அப்புறம்.

## 9. ஆடி மாதமும் பிரிந்திருக்கும் நாட்களும்

முதல் ஆடிக்குப் பெண்ணை அம்மா வீட்டுக்கு அழைத்துப் போவார்கள். அவர் வேலைக்குப் போய்விட்டால் பகலில் வீட்டில் யாரும் இல்லை. ஆடிக்காற்று வேறு மண்ணைச் சீக்கிரம் உலர்த்தும். ஷிப்டுக்காகவும் வெளியூர் வேலைக்காகவும் பிரிந்திருப்பவர்களுக்கும் இந்தப் படி பொருந்தும்.

கிளம்பும் அன்று "ஒரு வாரத்துக்குச் சேர்த்து" ஊற்றுவது பெரிய தவறு. தொட்டி தாங்கும் அளவுதான் தாங்கும், மிச்சம் அழுகல். வழக்கமான அளவு ஊற்றுங்கள். தொட்டிகளை ஜன்னலிலிருந்து இரண்டடி உள்ளே தள்ளிச் சேர்த்து வையுங்கள். பீஸ் லில்லிக்கு மட்டும் பருத்தித் திரி போடுங்கள். பழைய வேட்டித் துணியைக் கயிறாகத் திரித்து, நனைத்து, ஒரு முனையைத் தொட்டி மண்ணில் மூன்று அங்குலம் புதைத்து, மறுமுனையை உயரமாக வைத்த தண்ணீர்ப் பாத்திரத்தின் அடிவரை விடுங்கள். மண் காயக் காயத் திரி வழியாக நீர் இறங்கும். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே போட்டு, சரியாக இறங்குகிறதா என்று பார்த்துவிடுங்கள். பாம்புச் செடிக்கு எதுவும் வேண்டாம்.

பிரிந்திருக்கும் நாட்களில் போனிலும் இந்தத் திரியைப் போல மெல்லிய, விடாத ஓட்டம் நல்லது. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் பேசிவிட்டு மற்ற நாள் காணாமல் போவதைவிட, தினமும் சாப்பிட்ட பிறகு ஐந்து நிமிடம். செடியின் போட்டோ ஒன்றை அனுப்பினாலே பேச்சு தானாக வரும்.

திரும்பி வந்ததும் இன்னொரு தவறு காத்திருக்கிறது. ஒரேயடியாகக் காய்ந்த மண், குறிப்பாக நார்க்கழிவு கலந்த மண், தண்ணீரை ஏற்காது. ஊற்றியது தொட்டிச் சுவரோரமாக ஓடி அடியில் வந்துவிடும். நனைந்துவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்வோம். தொட்டியை அரை வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் உட்கார வையுங்கள், அடியிலிருந்து மெதுவாக இழுக்கட்டும். ஒரு மாதம் கழித்துச் சேர்பவர்களும் முதல் நாளே பழைய நெருக்கம் முழுதாக வந்துவிட வேண்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம். முதல் இரண்டு நாள் உறவினர் வருகை, விருந்து எதுவும் வைக்காமல் இருங்கள். பக்கத்தில் உட்கார்ந்து காய் நறுக்கும் அளவு நேரம் முதலில் திரும்பட்டும்.

## 10. வெட்டுவதும், செடி செத்துப்போனால் செய்ய வேண்டியதும்

மூன்றாம் மாதம் மணி பிளாண்ட் நீண்டு, நடுவில் இலையில்லாமல் கயிறாகத் தொங்கும். கணுவுக்குக் கீழே அரை அங்குலம் விட்டு வெட்டி, கணு மூழ்கும்படி தண்ணீரில் வையுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் வேர் விடும். வேர் இரண்டு அங்குலம் ஆனதும் அதே தொட்டியில் நட்டால் செடி அடர்த்தியாகும். வெட்டுவதற்கு முன் மற்றவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ஆசையாகக் கம்பியில் ஏற்றிவிட்ட கொடியைக் கேட்காமல் வெட்டியதற்காகவே மூன்று நாள் பேசாமல் இருந்த வீடு உண்டு.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு செடி செத்துப்போகலாம். யாரும் இல்லாத நேரத்தில் எடுத்துக் குப்பையில் போடாதீர்கள். இருவரும் சேர்ந்து ஒரு தாளில் தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள். வேர் கருத்து, கொழகொழவென்று, நாற்றம் அடித்தால் தண்ணீர் அதிகம். காய்ந்து ஒடிந்தால் தண்ணீர் குறைவு. வேர் வெள்ளையாக, சுற்றிச் சுற்றி நெருக்கமாக இருந்தால் தொட்டி போதவில்லை. காலண்டர்ப் புள்ளிகளை எடுத்து வைத்து ஒப்பிடுங்கள். "யார்" என்ற கேள்வியை விட்டுவிட்டு "எந்த வாரத்தில்" என்று தேடுங்கள். விடை பெரும்பாலும் அதில் கிடைத்துவிடும்.

வேரில் கொஞ்சம் வெள்ளை மிச்சம் இருந்தால் அழுகியதைக் கத்தரித்துவிட்டு, காய்ந்த புது மண்ணில் சின்னத் தொட்டியில் வைத்துப் பாருங்கள், பிழைக்க வாய்ப்பு உண்டு. முழுதும் போயிருந்தால் அந்த மண்ணை வேறு செடிக்குப் போடாதீர்கள். தொட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் காயவையுங்கள். அடுத்த செடியை உடனே வாங்காமல் இரண்டு வாரம் விட்டு, இருவரும் சேர்ந்தே நர்சரிக்குப் போங்கள். போவதற்கு முன்னால் அந்த இடத்தில் வெள்ளைத் தாளை வைத்து நிழலை மறுபடி பார்த்துவிடுங்கள். மூன்று மாதத்தில் சூரியன் விழும் சாய்வு மாறியிருக்கும்.